சிவப்பு மூடி

மாமியார் அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்த விதத்திலேயே, இன்றைக்குக் காபி நிம்மதியாகத் தொண்டையில் இறங்காது என்று டப்பாக்காரனுக்குத் தெரிந்துவிட்டது.

"இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே விரல் நீளத்தில் ஏழு வெள்ளைப் பட்டைகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் அடுத்தடுத்து இரண்டு சிவப்புக் கோடுகள்.

ருசி எட்டிப் பார்த்தாள். "எனக்கென்ன தெரியும்?"

"உனக்குத் தெரியாம எனக்கா தெரியும்? குப்பைக் கூடையில, அடியில, பேப்பர்ல சுத்தி ஒளிச்சு வச்சிருக்கு. ஏண்டி, ஒரு தடவ பாத்தா நம்பிக்கை வராதா? ஏழு தடவயா பாக்கணும்?"

"அம்மா, நான் ஒரே ஒரு தடவதான் பாத்தேன். அதுவும் போன மாசம்."

"அப்ப இது யாரு? நானா? இல்ல உங்கப்பாவா?"

போன மாதம் இதே வீட்டில் இதே போல் இரண்டு கோடு வந்தபோது நடந்ததெல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாமியார் தபால்காரரைக்கூடக் கட்டிப்பிடிக்கப் போய், கடைசி நொடியில் சுதாரித்து அவர் கையில் ஒரு ஐஸ்கிரீம் கப்பைத் திணித்தார். அன்றிலிருந்து இந்த வீட்டில் இரண்டு கோடு என்றாலே நல்ல சேதிதான்.

டப்பாக்காரன் மட்டும் காபியைத் தள்ளி வைத்தான். அந்தப் பட்டைகள் பிள்ளை உண்டானதைச் சொல்லும் ஜாதி இல்லை. அவை அவனுடையவை.

டப்பாக்காரன் என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மாமனாரின் ஐஸ்கிரீம் கடையில் வேலை செய்கிறவர்கள் வைத்தது. அவன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். சாப்பாட்டில் கெட்ட கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, சாதாரணமாக அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். அது வளர்வதற்கு நாள் கணக்கில் ஆகும். அதற்குள் சாப்பிட்டவர் வயிறே முடிவைச் சொல்லிவிடும். அந்த வேலையை ஒரு காபி ஆறுகிற நேரத்தில் முடிக்கத்தான் மதியச் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்து, அதைக் கைக்குழந்தை போல வீட்டுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறான். வீட்டில் அது ஃப்ரிட்ஜில் தூங்கும்.

பெட்டிக்குள் கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்கள் இருக்கின்றன. நானோ துகள்கள் என்று பெயர். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சட்டை போட்டிருக்கிறான். அந்தச் சட்டை ஒரே ஒரு வகைக் கிருமியின் மீது மட்டும் ஒட்டும். பிறகு காந்தத்தைக் காட்டினால் துகள்கள் கிருமியையும் இழுத்துக்கொண்டு ஒரு மூலையில் வந்து நிற்கும். அதற்கப்புறம் தங்கத் துகள்கள் அதன் மேல் ஒட்டி, பட்டையில் சிவப்புக் கோடாகத் தெரியும். முதல் கோடு வந்தால் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். கூடவே இரண்டாவதும் வந்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். தங்கம் அவ்வளவு பொடியானால் சிவப்பாகத்தான் தெரியும் என்று அவன் விளக்கியபோது, மாமியார் தன் வளையல்களை ஒரு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

அந்த விளக்கத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம். போன வாரம் இதே மேஜையில், உற்சாகம் தலைக்கேறி இன்னொன்றும் சொல்லித் தொலைத்தான். "மத்த கிருமியெல்லாம் குளிர்ல சுருண்டு படுத்துடும் அத்தை. இந்த டப்பா தேடுற கிருமி ஃப்ரிட்ஜுக்குள்ளயே குடித்தனம் நடத்தும். நமக்கெல்லாம் பெரும்பாலும் வயித்து வலியோட போயிடும். மாசமா இருக்கறவங்களுக்குத்தான் ஆகவே ஆகாது."

மாசமாக இருக்கும் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் விற்கும் வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும். அது அவனுக்கு இருந்தது. மாமனார் அன்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மெதுவாக மென்றுகொண்டே, "தண்ணி வேணும்" என்று ஃப்ரிட்ஜிடம் சொன்னார்.

மாமனார் அவனிடம் நேரடியாகப் பேசுவதில்லை. ருசி பக்கத்தில் இருந்தால், "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா" என்பார். அவள் இல்லையென்றால் ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொல்வார். மாப்பிள்ளை என்ற சொல் இதுவரை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. காரணம் முதல் சந்திப்பு. பெண் கேட்டு வந்தவனுக்கு அவர் தன் கையால் ஒரு கப் ஐஸ்கிரீம் கொடுத்தார். அவன் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுக் கண்ணை மூடி ரசித்துவிட்டு, "இதுல எவ்வளவு கிருமி இருக்கும்னு நினைக்கிறீங்க மாமா?" என்று கேட்டான். மிக மிகக் குறைவாகத்தான் இருக்கும் என்று பாராட்ட வந்தவன். இரண்டாவது வாக்கியத்துக்கு அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ருசியின் ஃபோன் அடித்தது. மாமனார்தான், கடையிலிருந்து.

"நீ இன்னிக்குக் கடைக்கு வராதே. மெஷின் ரிப்பேர்."

"இன்னிக்கா? சாயங்காலம் ஸ்கூல் ஆண்டு விழா ஆர்டர் இருக்கேப்பா."

"பாத்துக்கலாம். நீ வராதே. வந்தாலும் எதையும் வாயில வைக்காதே." ஃபோன் அணைந்தது.

ருசி ஃபோனையே பார்த்தாள். அவள் பெயருக்குக் காரணமே அதுதான். கடையில் புதிதாகச் சுற்றி எடுக்கும் ஒவ்வொரு ஐஸ்கிரீமிலும் முதல் ஸ்பூன் அவள் வாய்க்குத்தான் போகும். அவள் தலையசைத்தால்தான் கப்பில் ஏறும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் உத்தியோகம்.

ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஆர்டர் என்பது அந்தக் கடைக்கு இதுவே முதல் முறை. இன்று நல்லபடியாக முடிந்தால், பள்ளியின் மற்ற கிளைகளுக்கும் இவர்கள்தான். சொதப்பினால் தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாது.

டப்பாக்காரன் ஏழு பட்டைகளையும் பார்த்தான். நானா, உங்கப்பாவா என்று மாமியார் கேட்டது காதில் திரும்ப ஒலித்தது.

"நீ இரு. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"நீங்களா? அப்பாதான் உங்ககூடப் பேசமாட்டாரே."

"கடையிலயும் ஃப்ரீசர் இருக்கில்ல" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

*

கடை ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனான். சோப்பு வாசனை முகத்தில் அறைந்தது. ஐஸ்கிரீம் சுற்றும் மெஷின் பாகம் பாகமாகக் கழன்று, தரையில் விரித்த வெள்ளைத் துணிமேல் வரிசையாகக் கிடந்தது. நடுவில் குட்டி முக்காலி போட்டு மாமனார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, மெஷினின் வாயைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. வேலை ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

அவன் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான். மாமனார் அதைப் பார்த்தார். பிறகு ஃப்ரீசரைப் பார்த்தார்.

"குப்பையைக் கிளறுற பழக்கம் நம்ம வீட்ல யாருக்கு இருக்குன்னு தெரியல" என்று ஃப்ரீசரிடம் சொன்னார்.

"அத்தைதான் கிளறினாங்க மாமா. ருசிக்கு ஏழு புள்ளையோன்னு பயந்துட்டாங்க."

மாமனார் வாயோரம் ஒரு கணம் துடித்து அடங்கியது. மறுபடி பிரஷை எடுத்தார். 

"நேத்து சாயங்காலம் அந்த டப்பாவை இங்க தூக்கிட்டு வந்தேன்" என்றார். ஃப்ரீசரிடம்தான். "மெஷின் வாயில ஒண்ணு பாத்தேன். கரண்டில ஒண்ணு. மேஜைல, கதவுப் பிடியில, பால் அண்டாவுல. மேல போடுற க்ரீம் கேன்ல. கடைசில என் கையிலயே ஒண்ணு. எல்லாத்துலயும் ரெண்டு கோடு. ஆளுங்க கண்ணுல படாம வீட்டுக் குப்பையில போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்லி?" பிரஷ் நின்றது. "தினமும் மொத ஸ்பூன் யாரு வாய்க்குப் போகுது? நான்தான் வச்சேன். என் கையால."

டப்பாக்காரன் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்தான். போன வாரம் தான் மேஜையில் அள்ளி விட்ட அந்த விளக்கம், இந்த மனிதருக்குள் ஒரு வாரமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது என்று புரிந்தது. ஃப்ரிட்ஜில் வாழும் கிருமியைவிட மோசமான கிருமிதான் அது. அதைக் கொண்டுவந்து விட்டவன் அவன்.

"ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணி இல்லன்னு சொல்லணும்" என்றார் மாமனார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் காலையிலேர்ந்து தேய்ச்சிட்டிருக்கேன்."

அவன் பட்டைகளை வரிசையாகப் பரப்பிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க ஏதோ இடித்தது. தினமும் பால் கொதிக்கும் அண்டாவும், ஊரே தொடும் கதவுப் பிடியும் ஒரே அழுத்தமான சிவப்பில் கோடு காட்டின. எந்தக் கிருமியும் இவ்வளவு சமத்துவம் பார்க்காது.

"மாமா, எப்படிப் பண்ணீங்கன்னு ஒரு தடவ செஞ்சு காட்டுறீங்களா?"

"நமக்குப் பரீட்சை வைக்கிறாங்க" என்று ஃப்ரீசரிடம் முறையிட்டார். ஆனாலும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தார்.

தேர்ந்த கைதான். பஞ்சுக் குச்சியால் மேஜையைத் துடைத்தார், ஒரு இடம் விடாமல். சோதனைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றினார், நுரை வராமல். அவன் ஆய்வுக்கூடத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்கூட இவ்வளவு நளினமாகச் செய்ததில்லை. அப்புறம் பெட்டியில் இருந்த இரண்டு குட்டி பாட்டில்களில் ஒன்றின் மேல் அவர் கை போனது.

ஒன்று நீல மூடி. கழுத்துவரை நிரம்பி, தொடப்படாமல் இருந்தது. இன்னொன்று சிவப்பு மூடி. அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

மாமனார் சிவப்பு மூடியைத் திருகினார்.

"மாமா." அவன் குரல் அவனுக்கே வித்தியாசமாகக் கேட்டது. "ஏன் சிவப்பு?"

முதல் முறையாக மாமனார் அவன் முகத்தையே பார்த்தார். இப்படியும் ஒருவன் இருப்பானா என்ற பார்வை. உடனே ஃப்ரீசர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சிவப்பு மூடின்னா காய்ச்சினது. நீல மூடின்னா பச்சைப் பால். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். சிவப்ப நம்பி எடுக்கலாம், நீலத்தைத் தொட்டா கை கழுவணும். இங்க வேலைக்குச் சேர்றவங்களுக்கு மொதல்ல சொல்ற பாடமே அதுதான்."

டப்பாக்காரன் அங்கேயிருந்த பால் கேன்களைப் பார்த்தான். சுவரோரம் நீல மூடிகள் ஒரு வரிசை, சிவப்பு மூடிகள் ஒரு வரிசை. கல்யாணமானதிலிருந்து இந்தக் கடைக்கு வந்து போகிறான். ஒரு நாளும் அவன் கண்ணில் பட்டதில்லை. பெரிய ஆராய்ச்சியாளன்.

"மாமா, எங்க ஆய்வுக்கூடத்துல சிவப்புன்னா ஆபத்து. கழுவுற தண்ணி நீல மூடியில இருக்கு. சிவப்புல இருக்கறது..." பாட்டிலைக் காட்டினான். "கிருமி."

மாமனார் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"டப்பா ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க, கிருமி இருக்குன்னு தெரிஞ்ச ஒண்ண வச்சுத்தானே பாக்க முடியும்? அதுக்காக வச்சிருக்கறது. நீங்க ஏழு தடவயும் அதைத்தான் ஊத்தியிருக்கீங்க. எதுல ஊத்தினாலும் ரெண்டு கோடுதான் வரும். நிலாவைத் துடைச்சிருந்தாலும் வந்திருக்கும்."

மாமனார் பாட்டிலைக் கீழே வைத்தார், தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல.

"வீட்டு ஃப்ரிட்ஜ்ல கிருமியை வச்சிருக்காங்களாம்" என்று ஃப்ரீசரிடம் சொன்னார்.

"செத்த கிருமி மாமா."

"பொணத்த வச்சிருக்காங்களாம்."

"சூடு பண்ணிச் சாகடிச்சது. யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஆனா வீட்ல வச்சது தப்புதான். பேர்கூட எழுதாம விட்டதும் தப்பு."

"சூடு பண்ணினதா?"

"ஆமா."

மாமனார் சற்று யோசித்தார். "அப்ப காய்ச்சினதுதான். சிவப்பு மூடி சரியாத்தான் இருக்கு."

 மாமனாரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கு இன்னும் யாரும் பட்டை கண்டுபிடிக்கவில்லை.

ஷட்டருக்கு அடியில் இரண்டு செருப்புகள் தெரிந்தன. வராதே என்று சொன்னால் வருகிறவள் ருசி. "மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" என்று குனிந்து வந்தவளிடம் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், அவள் ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மெதுவா, மெதுவா" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இருவரும் ஒரே நேரத்தில் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

*

எல்லாவற்றையும் கொதிநீர் விட்டு மறுபடி கழுவினார்கள். அவன் புதுக் கையுறை போட்டு, நீல மூடியைத் திறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தான். மெஷின் வாய்: ஒரு கோடு. கரண்டி: ஒரு கோடு. மேஜை, பிடி, அண்டா, மாமனாரின் சுருங்கிய உள்ளங்கை: எல்லாம் ஒற்றைக் கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் மாமனார் மெஷினின் ஒரு பாகத்தைத் திரும்பப் பூட்டினார்.

முக்கியமானது சாயங்காலம் போகவேண்டிய கப்கள். அவை முந்தாநாளே மூடி ஒட்டி ஃப்ரீசருக்குள் உறைந்திருந்தன. நேற்றைய கூத்து எதுவும் அவற்றைத் தொடவில்லை. அவன் வெவ்வேறு தட்டுகளிலிருந்து உருவி எடுத்து, உருக்கி, சோதித்தான். ஒற்றைக் கோடு. எல்லாவற்றிலும்.

"இவரு பொண்டாட்டிக்குக் குடுப்பாரான்னு கேளு" என்றார் மாமனார்.

அவன் பதில் சொல்வதற்குள் ருசி ஸ்பூனை நக்கிக்கொண்டிருந்தாள். "நல்லாருக்குப்பா. வேனை வரச் சொல்லு."

மிச்சமிருந்தது ஒன்றுதான். க்ரீம் கேன். விழாவில் ஒவ்வொரு கப்பின் மேலும் ஒரு சுழி க்ரீம் வைப்பதாகப் பேச்சு. அதற்காகவே வந்த கேன். ருசி அதை இன்னும் ருசிகூடப் பார்க்கவில்லை.

பட்டையில் முதல் கோடு வந்தது. சற்றுப் பொறுத்து, மெல்லிசாக, தயங்கித் தயங்கி, இரண்டாவதும் வந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். 

கேன் மாமனாரின் தம்பியுடையது. தம்பிக்குப் பால் பண்ணை. வருஷக் கணக்காக அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் இருந்ததும், அதற்குக் காரணம் மாமனார் ஒரு நாள் வாடிக்கையாளர்கள் நடுவில் "உன் பால்ல தண்ணி இருக்கு" என்று சொன்ன ஒரு வாக்கியம்தான் என்பதும், பிள்ளை உண்டான சேதியை வைத்து ருசி இருவரையும் போன ஞாயிற்றுக்கிழமை ஒரே சோபாவில் உட்கார வைத்ததும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சமாதானத்துக்கு அடையாளமாகத் தம்பி அனுப்பிய முதல் கேன் இது. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் அண்ணன் வீட்டுக்கு வருகிறார்.

"தண்ணின்னு சொன்னதுக்கே அத்தனை வருஷம்" என்றாள் ருசி மெதுவாக. "இப்ப கிருமின்னு சொன்னா?"

"இரு" என்றான் டப்பாக்காரன். "மாமா, நேத்து இந்த கேனை எப்படிச் சோதிச்சீங்க?"

மாமனார் யோசித்தார். முகம் மாறியது. "மொத தடவ பஞ்சு சரியா படலையோன்னு தோணிச்சு. குழாய்ல விட்டு எடுத்ததையே மறுபடி கேனுக்குள்ள விட்டுத் துடைச்சேன்."

அதாவது சிவப்பு மூடித் தண்ணீர் கேனுக்குள் போயிருக்கிறது.

"அப்ப இந்தக் கோடு நம்ம பொணமா இருக்கலாம். இல்ல, பண்ணையிலேர்ந்தே உயிரோட வந்ததா இருக்கலாம்."

"எதுன்னு டப்பாவைக் கேளு" என்றார் மாமனார், ருசியிடம்.

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் பல மேடைகளில் பயந்திருக்கிறான். "டப்பாவுக்குத் தெரியாது மாமா. கிருமி இருக்குன்னுதான் சொல்லும். உயிரோடவா செத்ததான்னு சொல்லாது. ஆய்வுக்கூடத்துல வளர்த்துப் பாத்தாதான் தெரியும். ரெண்டு நாள் ஆகும். எனக்கும் தெரியாது."

கேலி வரும் என்று காத்திருந்தான். மாமனார் கேனை எடுத்துத் தனியாக ஒரு மூலையில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டார். "தெரியலைன்னு சொல்ற ஆளு பரவாயில்ல" என்றார். ஃப்ரீசரிடம் பேசும் அதே குரலில்தான். ஆனால் ஃப்ரீசர் இருந்த பக்கம் வேறு.

சாயங்காலம் வேன் கிளம்பியது. க்ரீமுக்குப் பதில் சாக்லேட் குழம்பு என்று ருசி பள்ளிக்கு ஃபோனில் சொல்ல, அங்கே இன்னும் சந்தோஷப்பட்டார்கள். வேன் திரும்பி வந்தபோது தட்டுகளில் சுரண்டக்கூட ஒன்றும் மிச்சமில்லை. ஓட்டுநர் முகவாயில் சாக்லேட் இருந்தது.

*

ராத்திரி மணி அடித்தது. மாமியார் கதவைத் திறந்தார்.

தம்பி சிரித்தபடி நின்றார். ஒரு கையில் பூங்கொத்து. மறு கையில் ஒரு கேன். சிவப்பு மூடி.

"வாங்க மாப்பிள்ளை, எப்படி இருக்கீங்க?" என்று டப்பாக்காரனின் தோளைத் தட்டினார். மாப்பிள்ளை என்று கூப்பிட அவருக்கு ஒரு வாரப் பழக்கமே போதுமாயிருந்தது. "அண்ணே, இது மத்தியானம் எடுத்த க்ரீம். போன வாட்டி குடுத்தது கடைக்கு. இது வீட்டுக்கு."

உட்காரக்கூட இல்லை. மேஜையில் கேனை வைத்து மூடியைத் திருகினார். கண்ணில் பட்ட ஸ்பூனை எடுத்து முக்கினார். கெட்டியான, பால் வெள்ளைக் க்ரீம் ஸ்பூனில் மலை மாதிரி நின்றது. அவருக்கு ஒரு சாப்பாட்டு மேஜையும் அண்ணன் மகளும் திரும்பக் கிடைத்த பூரிப்பு முகமெல்லாம் வழிந்தது.

"மொத ஸ்பூன் ருசிக்குத்தான். ஆ காட்டு."

ருசி அப்பாவைப் பார்த்தாள். டப்பாக்காரன் பாதி எழுந்தான். தடுக்க வேண்டும், அது தெரியும். ஆனால் நேற்று வந்த மருமகன் வாயால் இந்த வீட்டில் அந்த வார்த்தை வந்தால், அது இன்னும் பல வருஷப் பகை. வாய் திறக்கவில்லையென்றால் அதைவிட மோசம். திறந்தான்.

அதற்குள் ஒரு கை குறுக்கே வந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டது. ஊறி வெளுத்து, இன்னும் சுருக்கம் போகாத விரல்கள்.

"மாப்பிள்ளை" என்றார் மாமனார். "அந்தப் பெட்டியைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. கைய கழுவிட்டு வாங்க. இந்த கேனை நான் தொடல. நீங்களே பாருங்க."

சமையலறை ஃப்ரிட்ஜைப் பார்க்கவில்லை அவர். அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரின் கையில் கரண்டி அப்படியே நின்றது. டப்பாக்காரன் இரண்டு முறை கை கழுவினான். ஒரு முறை கிருமிக்காக. இன்னொரு முறை முகத்தைக் கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்ள.

அவன் திரும்பி வந்தபோது தம்பியின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியிருந்தது.

"என்னண்ணே இது? என் க்ரீமைச் சோதிக்கிறியா?"

"உன்ன இல்லடா. என்னை." மாமனார் நாற்காலியை இழுத்துத் தம்பிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "நேத்து நான் என் கடையையே ஏழு தடவ சோதிச்சேன், கேளு. ஏழு தடவயும் நானே கிருமியை ஊத்தி நானே கிருமியைக் கண்டுபிடிச்சிருக்கேன். காலையிலேர்ந்து பல் தேய்க்கிற பிரஷால மெஷினைத் தேய்ச்சிருக்கேன். ருசி அம்மா இவளுக்கு ஏழு புள்ளன்னு முடிவு பண்ணிட்டா."

"நான் எப்பங்க சொன்னேன்?" என்றார் மாமியார்.

மாமனார் ஒன்றையும் மறைக்கவில்லை. சிவப்பு மூடி என்று வந்தபோது தம்பி தன்னை மீறி, "சிவப்புன்னா காய்ச்சினதுதானே?" என்று கேட்டார். "அதேதான்டா" என்று அண்ணன் தொடையைத் தட்டினார். ஒரே அப்பாவிடம் பாடம் படித்த இருவர்.

"அந்தக் கூத்துல உன் பழைய கேன்லயும் ஊத்திட்டேன். அதுல ரெண்டு கோடு வந்தது. அது என் கையால வந்ததா, உன் பண்ணையிலேர்ந்து வந்ததான்னு தெரியல. இது புதுசு, நான் தொடாதது. இதுல ஒரு கோடுதான்னா தப்பு அநேகமா என்னோடது. என் தப்புன்னே வரட்டும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

தம்பி கையைக் கட்டிக்கொண்டார். "ரெண்டு வந்தா?"

"வந்தா நாளைக்குக் காலையில உன் பண்ணைக்கு நானும் பிரஷோட வரேன். எனக்கு இப்ப நல்லா பழகிடுச்சு."

 தம்பி எழுந்து போகவில்லை. கட்டிய கையை அவிழ்க்காமல், நாற்காலியை மட்டும் பெட்டிப் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

டப்பாக்காரன் பஞ்சைக் க்ரீமில் தொட்டான். நீல மூடி. சுழற்றினான். கறுப்புத் துகள்கள் தண்ணீரில் புகை போலக் கலந்தன. காந்தத்தைக் காட்டியதும் ஒரு மூலைக்குக் கூடி வந்தன. பட்டையை நட்டுவைத்து, கையை எடுத்தான்.

மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. ஐந்து தலைகள் ஒரு பட்டைமேல் கவிழ்ந்திருந்தன.

முதல் கோடு வந்தது.

"மாப்பிள்ளை, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மாமனார் அவனிடமே கேட்டார்.

"காபி ஆறட்டும் மாமா."

ஆவி இன்னும் அடங்கவில்லை. சமையலறையில், பேச ஆளில்லாமல், ஃப்ரிட்ஜ் மட்டும் தனியாக முனகிக்கொண்டிருந்தது.